நிறமாற்றமும் நீதியும்

"விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்னும் தொடர் நீதிமன்றிலே எழுந்ததும் எதிர்வாதங்கள் அடங்கிவிடுகின்றன. மனிதன் பொய்யுரைப்பான், மூலக்கூறு பொய்யுரைக்காது என்பது பலரது நம்பிக்கை. ஆனால் மூலக்கூறு எதனையும் உரைப்பதேயில்லை. அது சோதனைப்பொருளோடு தாக்கம் புரிகின்றது. அத்தாக்கத்துக்குப் பொருள் கூறுபவன் மனிதனே. இவ்வுண்மையைப் போதியாத உயிரிரசாயனக் கல்வி நீதிக்குத் துணையாகாது, கேடாகவே முடியும்.

கேட்டின் வேர் நமது ஆய்வுகூடத்திலேயே உள்ளது. பெனடிக்டின் கரைசல் செங்கட்டி நிற வீழ்படிவைத் தந்தால் "குளுக்கோசு உண்டு" என்றும், பையூரெற்றுச் சோதனையில் ஊதா நிறம் தோன்றினால் "புரதம் உண்டு" என்றும் எழுதிப் புள்ளி பெறுகின்றோம். உண்மையில், முன்னையது காட்டுவது செப்பு அயனைத் தாழ்த்தவல்ல ஏதோவொரு பொருளை. உயிர்ச்சத்து சீயும் அதனைச் செய்யும். பின்னையது காட்டுவது பெப்தைட்டுப் பிணைப்புகளை மாத்திரமே. பரீட்சை மண்டபத்தில் இது சிறு வழு. கொலைவழக்கிலோ?

அவுஸ்திரேலியாவில் 1980 ஓகஸ்டில், ஏயர்ஸ் மலையருகே கூடாரமொன்றிலிருந்து ஒன்பது வாரக் குழந்தையொன்று காணாமற்போனது. டிங்கோ என்னும் காட்டுநாயே அதனைக் கவர்ந்து சென்றது எனத் தாய் லிண்டி சேம்பர்லேன் கூறினார். 1981இல் முடிவடைந்த முதல் மரண விசாரணையும் அதனை ஏற்றது. ஆயினும், குடும்பத்தின் மோட்டார் வண்டியிலே சிசுவின் இரத்தம் காணப்பட்டதென ஆய்வாளர் கூறவே நிலைமை மாறியது. 1982 ஒக்டோபரில் தாய்க்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

அவ்விரத்தச் சான்றின் இரசாயனத்தை நோக்குவோம். முதற் சோதனை ஓதோதொலிடீன் கொண்டு செய்யப்படுவது. இரத்தத்தின் ஈம் கூறு, ஐதரசன் பேரொட்சைட்டினால் அப்பொருள் ஒட்சியேற்றப்படுவதை ஊக்குவிக்க, நீலப்பச்சை நிறம் தோன்றும். ஆனால் தாவரங்களின் பேரொட்சிடேசு நொதியமும் செப்புச் சேர்வைகளும் அதே நிறத்தைத் தரவல்லன. அக்குடும்பம் வாழ்ந்த மவுண்ட் ஐசாவோ செப்புச் சுரங்க நகரம்!

இரண்டாவது சோதனை பிறபொருளெதிரி கொண்டு செய்யப்பட்டது. வளர்ந்தோரின் ஈமோகுளோபின் இரு அல்பாச் சங்கிலிகளையும் இரு பீற்றாச் சங்கிலிகளையும் உடையது. சிசுவின் ஈமோகுளோபினிற் பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலிகள் உள்ளன. இவ்விரு சங்கிலிகளும் 146 அமினோவமிலங்களில் 39 இடங்களில் வேறுபடுவன. இவ்வேறுபாட்டை இனங்காண்பதே சோதனையின் நோக்கம். ஆயின் அல்பாச் சங்கிலி இருவகைக்கும் பொதுவானது. அதனோடு தாக்கம் புரியும் பிறபொருளெதிரிகள் முற்றாக அகற்றப்படாவிடின், வளர்ந்தோர் இரத்தமும் சிசுவின் இரத்தமாகத் தோன்றும். போதாக்குறைக்கு, வெப்பமிகு வண்டியில் ஓராண்டுக்கு மேல் கிடந்த புரதம் தன் இயல்பான கட்டமைப்பைப் பேணியிருக்கும் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

1987இல் அறிக்கை சமர்ப்பித்த அரச விசாரணை ஆணைக்குழு இச்சான்றைத் தகர்த்தது. சிசுவின் இரத்தத் தெறிப்பு எனக் காட்டப்பட்ட கறை, தொழிற்சாலையில் வண்டிக்குத் தெளிக்கப்பட்ட ஒலிதணிக்குங் கலவை. சோதனைத் தகடுகளோ, ஆய்வுகூட வழமைப்படி, வழக்கு விசாரணைக்கு முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. 1986இல் தாய்க்குச் சிறைக்கதவைத் திறந்தது எந்த ஆய்வுகூடமுமன்று. மலையருகே தற்செயலாக அகப்பட்ட குழந்தையின் மேற்சட்டையே. 1988இல் தீர்ப்பு இரத்தாயிற்று. குழந்தையின் மரணத்துக்கு டிங்கோவே காரணம் எனப் பதிவுசெய்ய 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"அவை பழைய சோதனைகள்; டீ.என்.ஏ. வந்தபின் இவ்வச்சம் வேண்டியதில்லை" என்பர் சிலர். 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த முறை மகத்தானது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் அதன் முதற்பெருஞ் சேவை யாது? இங்கிலாந்தின் லெஸ்டர்சயரிலே கொலையொன்றைச் செய்ததாகப் பொலிசாரிடம் ஒப்புக்கொண்ட 17 வயது இளைஞனை, 1986இல் நிரபராதி எனக் காட்டியமையே. பொருந்தாமை ஒருவரை விலக்கவல்லது. பொருந்துதலோ அக்கலங்கள் யாருடையவையாகலாம் என்பதை மாத்திரமே சுட்டும். அவை எப்பொழுது, எவ்வாறு, யாருடைய கைவழியே அவ்விடம் சேர்ந்தன என்பதற்கு மூலக்கூறில் விடையில்லை.

எனவே நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு சோதனையையும் கற்பிக்கும்போது, அதே விளைவைத் தரவல்ல பிறபொருள்களையும் கட்டுப்பாட்டுச் சோதனையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். வழக்குக்குரிய மாதிரியின் ஒரு பகுதியும் சோதனைப் பதிவுகளும் எதிர்த்தரப்பின் மறுஆய்வுக்காகப் பேணப்படல் வேண்டும். ஆய்வாளர் பொலிசாரின் ஊகத்தை அறியாதவராகவே கறையைச் சோதித்தல் வேண்டும்.

நாளை சாட்சிக்கூண்டில் நிபுணராக நிற்கப்போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. "இது இரத்தம்" என உரத்துக் கூறுவது எளிது. "இஃது இரத்தமாகவும் இருக்கலாம்" எனக் கூறுவதற்கே அறிவும் துணிவும் வேண்டும். அவ்விரண்டையும் ஊட்டாத பட்டம் வெறுங் காகிதமேயாம்.