மரம் நடக் காசு இருக்கு, தண்ணீர் ஊற்ற இல்லையா?

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம் வந்தால் பாடசாலையிலும் பூங்காவிலும் மரம் நடுகிறோம். பேனருக்கும் சிற்றுண்டிக்கும் அனுசரணை கிடைக்கிறது. ஆனால் கிழக்கில் ஜூன் மாதம் கச்சான் வீசும் வெயில் காலம். விடுமுறை விட்டால் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மிஞ்சியதைக் கட்டாக்காலி மாடுகள் மேய்ந்துவிடும்.

நிதி தரும் சகோதரர்களே, பழைய மாணவர்களே! நூறு கன்று வேண்டாம், பத்து போதும். மீதிக் காசில் கூடு அடியுங்கள், குழாய் போடுங்கள், தண்ணீர் ஊற்றுபவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். மாரி தொடங்கும் ஒக்டோபரில் நடுங்கள். பணத்தை இரு தவணையாகத் தாருங்கள். இரண்டாவது தவணை, அடுத்த வருடம் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பிறகு.

மரம் வளர்ப்பது ஸதகதுல் ஜாரியா. வருடா வருடம் அதே குழியில் புதுக் கன்று வைப்பதைத்தான் எங்கள் பிள்ளைகள் இப்போது பார்க்கிறார்கள்.