வாலிபரும் கனியுணவும்

விளைந்த பழத்தில் நல்லவற்றையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாத வழக்கம் நம்மிடையே உள்ளது. தறியில் அமரும் வாலிபரோ மாலையில் தேநீரும் வடையும் கொண்டு பசியாறுகின்றனர். பழம் நோயாளிக்கும் விருந்தினருக்கும் உரியதென்றே நாம் கருதி வந்துள்ளோம். இக்கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நமது துணிபு.

நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று கவனிக்கத்தக்கது. பழமும் காய்கறியும் குறைவாக உண்டுவந்த, 18 முதல் 25 வயதுள்ள 171 பேரை மூன்று பிரிவாக வகுத்தனர். முதற்பிரிவினர் வழக்கம்போல் உண்டனர். இரண்டாம் பிரிவினருக்குக் கைபேசி வழியே நினைவூட்டல்களும், பழமும் காய்கறியும் வாங்கிக்கொள்ளச் சீட்டும் அளித்தனர். மூன்றாம் பிரிவினருக்குக் காரட், ஆப்பிள், ஆரஞ்சு, கிவி ஆகியவற்றில் நாளொன்றுக்கு இரண்டு பங்கு வீதம் கையிலேயே கொடுத்தனர். 14 நாட்களுக்குப்பின், மூன்றாம் பிரிவினரிடமே ஊக்கமும் உற்சாகமும் மிகுந்திருக்கக் கண்டனர்.

இதனை மிகைப்படுத்திக் கூறலாகாது. மனச்சோர்வின் அறிகுறிகள் எப்பிரிவிலும் குறையவில்லை. அத்துயருற்ற பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோர் கடமை. 14 நாள் சோதனை முடிந்த முடிபும் ஆகாது. எனினும், புத்திமதி கூறுவது வேறு, பழத்தைக் கையில் கொடுப்பது வேறு என்பது இதனால் விளங்குகிறது.

இப்பாடம் கூட்டுறவாளருக்குப் புதிதன்று. சிக்கனத்தின் பெருமையைக் கேட்டதனால் மட்டும் நெசவாளர் பொருள் சேர்த்தாரல்லர். கூலியில் ஒரு பங்கைப் பிடித்துச் சேமநிதியில் வரவு வைத்ததனாலேயே சேர்த்தனர். பழத்திற்கும் அம்முறையே பொருந்தும்.

தோட்டக்காரர் சங்கத்திலிருந்து வாழைத்தாரும் கொய்யாக் கூடையும் நேரே தறிக்கூடத்திற்கு வரட்டும். அங்கத்தினர் சம்மதத்துடன் அதன் விலையைக் கூலிக்கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். தூரதேசத்து ஆப்பிள் நமக்கு வேண்டுவதில்லை. கொய்யாவில் உள்ள வைட்டமின் 'சி' ஆரஞ்சிலுள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். விளைவித்தவருக்கும் தரகரின்றி விலை கிடைக்கும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்து, ஒரு தறிக்கூடத்திலேனும் ஒரு மாதம் நடத்திப் பார்க்குமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளைகளின் முகமலர்ச்சியும் சங்கத்தின் ஆதாயக் கணக்கில் சேரவேண்டியதே.