முதியோருக்குக் கல்லடைப்பு: வயதின் குற்றமா?

“வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்!” முப்பது வருஷம் ஆலையிலே உழைத்து ஓய்ந்த தொழிலாளி, மூத்திரம் கடுக்கிறது என்று சொன்னால் வீட்டிலே கிடைக்கும் பதில் இதுதான். ஆஸ்பத்திரி வாசலிலும் பல சமயம் இதே பதில்தான். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

கல் எப்படி உண்டாகிறது? உடம்பிலே தண்ணீர் குறைந்தால் சிறுநீர் சுண்டுகிறது. அதிலே கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் படிந்து இறுகுகின்றன. தூத்துக்குடி உப்பளத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாத்தியிலே தினமும் காண்கிற காட்சிதானே!

பஞ்சாலையில் நூல் அறாமலிருக்கக் காற்றிலே ஈரம் ஏற்றுகிறார்கள். நூலுக்கு ஈரம் உண்டு. அந்த வெக்கையிலே வேர்த்துக் கொட்டும் ஆளுக்கு? 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் கோடையிலே குளிர்ந்த குடிநீர் வைக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பானை வைத்த இடத்திலும், மெஷினை விட்டு நகர நேரம் கொடுத்தார்களா? வயற்காட்டுக் கதை வேறு. நாற்று நடும் பெண்களுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை. ஆகவே அவர்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறார்கள். வந்த மூத்திரத்தையும் அடக்குகிறார்கள். இப்படிப் பழகிய உடம்புதான் முதுமைக்குள் நுழைகிறது.

முதுமையிலோ தாக உணர்ச்சியே மங்கிவிடுகிறது. படுத்த படுக்கையானால் எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் இறங்குகிறது. ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பருத்து மூத்திரம் தேங்கினால், பையிலேயே கல் கட்டுவதுண்டு. இவை டாக்டர்கள் சொல்லும் காரணங்கள். அவர்கள் சீட்டிலே எழுதாத காரணம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடித்தால் இரவிலே எழவேண்டும். இருட்டிலே விழுந்தால் இடுப்பு முறியும். மருமகள் இப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறாள், அவளை எப்படி எழுப்புவது? இப்படி எண்ணி எண்ணியே கிழவி செம்பைத் தள்ளி வைக்கிறாள். மருமகளைக் குறை சொல்லி என்ன பயன்? எட்டு மணி நேரம் நின்று வந்தவள் அவள்!

ஆகவே, வேலைக்குப் புறப்படுகிறவர் யாரானாலும், ஆண்பிள்ளையே ஆனாலும், பெரியவர் கைக்கெட்டும் இடத்திலே தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் புறப்படட்டும். மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லதே. உப்பை மட்டும் குறையுங்கள். கட்டிலருகே இரவுக்கு ஒரு பாத்திரம் இருக்கட்டும், அதிலே வெட்கமில்லை. இருதய நோய்க்கோ உடம்பு வீக்கத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்டே கொடுங்கள். பால் குடித்தால் கல் வரும் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். தவறு! உணவிலே சுண்ணாம்புச் சத்து குறைந்தால்தான் கல்லும் அதிகம், எலும்பும் பலவீனம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். கல் அடைத்த இடத்திலே கிருமி பற்றினால் உயிருக்கே ஆபத்து. வாலிபன் வலியிலே துடிப்பான், ஊரே கூடும். தளர்ந்த முதியவர் பல சமயம் துடிப்பதில்லை. சோறு வேண்டாம் என்பார், பிதற்றுவார், குளிரிலே நடுங்குவார், மூத்திரம் நின்றுபோகும். அப்போது வாழைத்தண்டுச் சாறு பிழிந்துகொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த நடவுக்குக் கூலி பேசும்போது தண்ணீரும் மறைவிடமும் சேர்த்தே பேசப்படவேண்டும். ஆலைத் தோழர்கள் தண்ணீர் குடிக்க இடைவேளை கேட்கவேண்டும். ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யிலே இருந்து வயது முடிந்து ஓய்வுபெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெற ஈ.எஸ்.ஐ. விதிகளிலே இடம் வைக்கப்பட்டது. இதை அறியாமல் கடன் வாங்கிச் செலவழித்தவர்கள் எத்தனை பேர்! பழைய ஈ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுங்கள். பாரம் எழுதத் தெரியாதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.