எல்லாருக்கும் எதுக்குய்யா ரூட் பாஸ்வேர்ட்?

1995-ல பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்த கதை பி.காம் பசங்களுக்குத் தெரிஞ்சதுதான். சிங்கப்பூர்ல நிக் லீசன்ங்கற ஒரே ஆள் வியாபாரமும் செஞ்சார், அதோட கணக்கு வழக்கும் அவர் பொறுப்புலதான். நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு.

காசைத் தொடுறவர் வேற, கணக்கு எழுதறவர் வேறன்னு ஆடிட்டிங்ல பக்கம் பக்கமா எழுத வைக்கிறாங்க. அந்தக் கணக்கெல்லாம் இப்ப குடியிருக்கற லினக்ஸ் சர்வருக்கு மட்டும் இந்த விதி கிடையாதாம்! ஒரே ரூட் பாஸ்வேர்ட், அஞ்சு பேர் கையில. ஏதாவது அழிஞ்சா லாக்ல 'ரூட்'னு இருக்கும், ஆள் பேர் இருக்காது. கேட்டா வசதிக்காகவாம். ஆமா, கையை விரிக்க ரொம்ப வசதி :)

ஆளுக்கொரு அக்கவுண்ட் கொடுத்து, தேவையான கட்டளைக்கு மட்டும் சூடோ அனுமதி கொடுத்தா எல்லாம் பேரோட பதிவாகும். யூஸர்ஆட், ஒரு வரி. கவனம் வேண்டியது யூஸர்மாட்லதான். குரூப்ல சேர்க்கும்போது பெரிய 'ஜி'யோட சின்ன 'ஏ' போடலைன்னா, அவர் ஏற்கெனவே இருந்த மத்த குரூப்பெல்லாம் காலி. வேலையை விட்டுப் போனவரைப் பெரிய 'எல்' போட்டுப் பூட்டினா பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டும். எஸ்எஸ்ஹெச் சாவி இருந்தா மனுஷன் உள்ள வந்துடலாம். சின்ன 'இ' போட்டு, 1 கொடுத்து அக்கவுண்டையே காலாவதியாக்கணும். அதுவும் ஒரே வரிதான்.