ஆகாயகங்கைக்கு முதல் படியிலேயே வேண்டும் எச்சரிக்கை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவர்கள், அறப்பளீஸ்வரரைக் கும்பிட்ட கையோடு ஆகாயகங்கை அருவிக்கு இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். காட்டுக்குள் 1,000-க்கும் மேற்பட்ட படிகள். மர நிழலும் கீழிருந்து வரும் அருவிச் சத்தமும் இருக்க, களைப்பே தெரிவதில்லை.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மலையேறுபவருக்கு மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பிவிடலாம். இங்கே உடல் எச்சரிப்பதற்குள் அருவி வந்துவிடும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகின்றன; கால்கள் வெடவெடப்பது அதனால்தான். அந்தக் கால்களோடும் நனைந்த உடையோடும் அத்தனை படிகளையும் ஏறியாக வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவரும் இதய நோயாளியும் இதை அருவியடியில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. படிகளின் எண்ணிக்கையும் திரும்பி ஏற ஆகும் நேரமும் நுழைவிடத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வழியில் குடிநீரும் முதலுதவியும் வேண்டும்.

சுமார் 300 அடி உயரத்திலிருந்து இந்த அருவியாக விழும் ஐயாறு, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு ஓடுகிறது. மேலே ஒருவர் வீசும் ஷாம்பு உறை கீழே இன்னொருவர் குளிக்கும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. சோதனையை முதல் படியிலேயே கறாராக நடத்தலாம்.

தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரி வழிகாட்டுகிறது. அங்கே 2022-இல் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. ஆகாயகங்கைக்கு இறங்குபவர்களிடமும் அப்படியே வைப்புத்தொகை வாங்கலாம்.