சாக்கடை எலியின் அழகு

பெங்களூரில் நண்பர் ஒருவர் நடத்திவரும் சிறிய திரைப்படச் சங்கத்துக்காக ஒரு ஜப்பானியப் படத்துக்குத் தமிழில் துணைவரிகள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நொபுஹிரோ யாமாஷிட்டா இயக்கி 2005-ல் வெளிவந்த ‘லிண்டா லிண்டா லிண்டா’. பள்ளி விழாவில் பாடுவதற்காக நான்கு மாணவிகள் ஒத்திகை பார்க்கிறார்கள், கதை அவ்வளவுதான். வசனங்களை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். ஒரே ஒரு பிராணிதான் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது. எலி.

அந்த மாணவிகள் பாடுவது ‘ப்ளூ ஹார்ட்ஸ்’ என்ற பங்க் ராக் குழுவின் பாட்டுகளை. 1985-ல் டோக்கியோவில் தொடங்கி 1995-ல் கலைந்துபோன நால்வர் குழு. முதல் இசைத்தட்டை 1987-ன் தொடக்கத்தில் சொந்த முயற்சியில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் ஒரு கம்பெனி மூலம் வந்த ‘லிண்டா லிண்டா’தான் அவர்களை நாடறியச் செய்தது. எழுதியவர், பாடியவர் இருவரும் ஒருவரே: ஹிரோட்டோ கோமொட்டோ.

பங்க் என்றால் ஊக்கு குத்திய சட்டை, கிழிந்த ஜீன்ஸ், புரியாத கூச்சல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கூச்சல் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஜப்பானிய மொழியும் நம்மைப் போல மாத்திரைக் கணக்கு பார்க்கும் மொழி. கோமொட்டோ ஒரு மாத்திரைக்கு ஒரு சுரம் என்று வைத்து, எதையும் இழுக்காமல், குழைக்காமல், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையனைப் போலப் பாடுகிறார். ஜப்பானிய மொழியில் ராக் பாட முடியுமா என்று 1970 வாக்கில் அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. (தமிழிசைச் சண்டை ஞாபகம் வருகிறதா?) அந்தச் சர்ச்சை நடந்த சுவடே இவரிடம் இல்லை. கிதார் வாசிக்கும் மஷிமாவுக்கும் சில சுரக்கோவைகளே போதும். ‘லிண்டா லிண்டா’ தாலாட்டு மாதிரி மெல்லத் தொடங்கும், திடீரென்று டிரம் இடித்துக்கொண்டு உள்ளே நுழையும், அப்புறம் நிற்காது.

எளிமை என்றால் சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1988-ல் இவர்கள் ‘செர்னோபில்’ என்று ஒரு பாட்டுச் செய்தார்கள். இவர்களுடைய கம்பெனியிலிருந்து அது வரவில்லை. குழுவே தனியாக வெளியிட்டது. அதே கோடையில் ‘ஆர்சி சக்செஷன்’ என்ற மூத்த குழுவின் தொகுப்பு ஒன்றை, அதில் அணுசக்தியை எதிர்க்கும் பாட்டுகள் இருந்ததால், தோஷிபா இஎம்ஐ நிறுத்திவைத்தது. தாய் நிறுவனமான தோஷிபா அணு உலை கட்டும் நிறுவனம். தொகுப்பு மிக அற்புதமாக இருப்பதால் வெளியிட முடியவில்லை என்று பத்திரிகையில் விளம்பரம் வேறு! ஆகஸ்ட் 15 அன்று வேறொரு கம்பெனி அதைக் கொண்டுவந்தது.

ப்ளூ ஹார்ட்ஸின் அந்த முதல் தட்டில் இருந்த பாட்டின் தலைப்பு, மனிதர்களிடம் ‘யசாஷிகு’ நடந்துகொள்வது பற்றியது. ‘யசாஷி’ என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு பொருள், எழுத்திலும் இரண்டு வடிவம். ஒன்று கனிவான, இன்னொன்று சுலபமான. நம்முடைய ‘எளிய’ என்ற சொல் இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் கனிவு அதில் இல்லை. இந்தக் குழுவோ இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது என்று எனக்குப் படுகிறது.

எலிக்கு வருவோம். ‘லிண்டா லிண்டா’வின் தொடக்கத்தில் அழகுக்கு உவமையாக வருவது நிலவல்ல, தாமரையல்ல, ‘தொபுநெசுமி’. தொபு என்றால் சாக்கடை, நெசுமி என்றால் எலி. 1960-களில் எல்லோரும் ஒரேமாதிரி மங்கிய சாம்பல் நிற சூட் அணிந்து ஆபீஸ் போன ஜப்பானிய ஊழியர்களைக் கேலி செய்யவும் இதே சொல் பயன்பட்டது. நமக்கு எலிப் பஞ்சமா? சுண்டெலி, வெள்ளெலி, வயலெலி, மூஞ்சூறு என்று வரிசையே இருக்கிறது. உருவத்துக்கும் வாசஸ்தலத்துக்கும் பொருத்தமானது பெருச்சாளி. எழுதிப் பார்த்தேன். உடனே ‘ஊழல்’ என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐம்பது வருடமாக மேடையிலும் பத்திரிகையிலும் (நானும் தலைப்புக் கொடுத்திருக்கிறேன்) பெருச்சாளியை அரசியல்வாதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். சாக்கடையின் கதியும் அதுதான். அரசியல் ஒரு சாக்கடை என்று சொல்லிச் சொல்லி, தெருவோரம் ஓடும் நிஜச் சாக்கடைக்குச் சொல் இல்லாமல் போயிற்று. அதில் இறங்குகிற மனிதர்களும் கண்ணில் படாமல் போனார்கள்.

‘கழிவுநீர் எலி’ என்று போடலாமே என்றார் நண்பர். மாநகராட்சி அறிக்கை மாதிரி இருக்கிறது என்றேன். பிள்ளையாரின் வாகனமாயிற்றே, ‘மூஷிகம்’ என்றால் கௌரவமாக இருக்குமே என்றார் அவருடைய மனைவி. கௌரவம் வந்துவிட்டால் பாட்டு போய்விடும். கடைசியில் ‘சாக்கடை எலி’ என்றே எழுதினேன். இரண்டு மாத்திரை அதிகம், பரவாயில்லை.

படத்தில் ஒரு காட்சி. பாடகியாக மாட்டிக்கொள்ளும் கொரிய மாணவிக்கு (பே டூனா நடித்திருக்கிறார்) ஜப்பானிய மொழி அரைகுறை. ஹெட்போனில் இந்தப் பாட்டை முதல்முறை கேட்கும்போதே அழுதுவிடுகிறாள். எந்தச் சொல்லுக்காக அழுதாள் என்று படம் சொல்வதில்லை. அந்தக் காட்சியில் மட்டும் திரையின் அடிப்பகுதியில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன்.