துறுதுறுப்பு: யாருக்கு வரம், யாருக்குப் பிரம்பு?

கவனக்குறைபாடு வரமா, சுமையா என்று ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகளில், பழைய மகாபலிபுரம் சாலையோரத்து ஆலோசனை மையங்களில், பெரிய தனியார் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் நடக்கிறது. ஒரே இடத்துல குந்தாத புள்ள, சொன்னதை அரை நிமிஷத்துல மறந்துபோற புள்ள, தன் முறை வரும்வரை பொறுக்க முடியாத புள்ள. அவன் நாளைய கண்டுபிடிப்பாளன், அது வரம் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, மூளை வளர்ச்சி சார்ந்த கோளாறு, வைத்தியம் வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார்.

இந்த விவாதத்துக்குள் சேரிப்புள்ள எங்கே இருக்கிறான்? கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கத்திலும் இதே துறுதுறுப்போட ஓடுற புள்ளைங்களைப் பார்த்து வரமா, சுமையா என்று யாரும் கேட்பதில்லை. 'தறுதலை' என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாச்சு. தீர்ப்பு எழுதப்பட்டவனுக்கு விவாதத்தில் இடமில்லை. ஆகவே இதை நாம் நம்முடைய இடத்திலிருந்து பேசியாக வேண்டும்.

முதலில் இந்தப் பெயரின் வரலாறு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத, ஆனால் அடங்காத, கவனம் நிற்காத குழந்தைகளைப் பற்றி. அவர்களுக்கு இருப்பது ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றார். 1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்பவர் பென்செட்ரின் மருந்து கொடுத்த பிள்ளைகள் பலர் அமைதியாகப் பாடம் படிப்பதைக் கண்டு எழுதினார். 1944இல் மெத்தில்பெனிடேட் உருவானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968இல் இதை மிகை இயக்கம் என்றது, 1980இல் கவனக்குறைபாட்டுக் கோளாறு என்றது, 1987இல் இரண்டையும் சேர்த்து இன்றைய பெயருக்கு வந்தது. ஒழுக்கக் கேடு என்பதிலிருந்து மூளையின் வேறுபாடு என்பதற்கு வந்துசேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த வண்டியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. காசுள்ள வீட்டுப் புள்ள 1987ஐத் தாண்டி வந்துட்டான். நம்ம புள்ள இன்னும் 1902லயே நிக்கிறான். அவனுக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது ஒழுக்கக் குறைதான். அதுவும் அவன் குடும்பத்துக்கும் தெருவுக்கும் சாதிக்கும் சேர்த்துச் சொல்லப்படுகிற ஒழுக்கக் குறை. "அந்தப் பக்கத்துப் பசங்க எல்லாம் அப்படித்தான்" என்பதில் அந்தப் 'பக்கம்' எது என்று நமக்குத் தெரியும்.

பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் நாங்கள் நடத்துகிற மாலை வகுப்புக்கு மகனை அனுப்புகிற ஓர் அம்மா, சோழிங்கநல்லூர் அடுக்குமாடி ஒன்றில் வீட்டு வேலை செய்கிறார். அந்த வீட்டுப் பையனுக்கும் இவர் மகனுக்கும் வயசு ஒன்று, துறுதுறுப்பும் ஒன்று. அவனுக்கு மருத்துவர் கொடுத்த அறிக்கை இருக்கிறது. வாரம் இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம் இருக்கிறது. இவர் மகனை ஒரு பள்ளிக்கூடம் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "அந்த வூட்டுப் புள்ளைக்கு வியாதிக்குப் பேரு இருக்கு சார். எம்புள்ளைக்கு அடிதான் இருக்கு."

பள்ளியில் அடிப்பதையும் மன உளைச்சல் கொடுப்பதையும் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் அந்தத் தாழ்வாரம் வரைக்கும் நடந்து போகவில்லை. இது நம் ஊரில் மட்டும் உள்ள விஷயமும் அல்ல. அமெரிக்காவில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் குழந்தைகளில் வெள்ளைக் குழந்தைக்குக் கிடைக்கிற மருத்துவப் பெயர் கறுப்புக் குழந்தைக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. பள்ளியிலிருந்து இடைநீக்கம் மட்டும் கறுப்புப் பிள்ளைகளுக்கு அதிகம். நிறமும் சாதியும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன.

நம் தோழர்களில் சிலர் இதை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். இது மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம், அடங்காத உடலை அடக்குவதற்கு முதலாளியம் கண்டுபிடித்த புதுச்சொல் என்கிறார்கள். ஃபூக்கோவைத் துணைக்கு அழைக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அலைகிற மக்களுக்குப் பெயர் சூட்டி அடைத்துவைத்த அரசு நம்முடையது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பெயர் வைப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதிகாரம் பேசுகிறது என்பதாலேயே அது சுட்டுகிற விஷயம் பொய்யாகிவிடாது. காசநோயை வெள்ளைக்காரன் பெயரிட்டான் என்பதற்காகத் தாம்பரம் சானடோரியத்துக்குப் போகாமல் இருந்தோமா? உலகெங்கும் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பங்கு பிறப்பிலேயே வருவது. குறைப்பிரசவமும் குறைந்த எடையில் பிறப்பதும் இதன் வாய்ப்பைக் கூட்டும். கர்ப்பிணிக்குச் சோறும் ஓய்வும் மறுக்கப்படுகிற வீடுகள் எவை என்று கணக்கெடுத்தால் அது நம் தெருவுக்குத்தான் வந்து நிற்கும். டென்மார்க்கில் லட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, இந்தக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் சாகும் வாய்ப்பு அதிகம், முக்கியக் காரணம் விபத்து என்றது. நல்ல சாலையும் இலவச வைத்தியமும் உள்ள நாட்டிலேயே இதுதான் நிலை. தண்ணி லாரியும் கல்லூரிப் பேருந்தும் பறக்கிற தாம்பரம் வேளச்சேரிச் சாலையில் கணக்கு எடுத்தால் என்ன வரும்? "எல்லாம் கற்பிதம்" என்று பேசிவிட்டுப் போவது நமக்கு வசதி. அந்தப் புள்ளைக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் கவனமாக இருக்க வேண்டும். ஓடுற புள்ள எல்லாருக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று நகரத்துக்குள்ளிருந்த நம் மக்களை வாரிக்கொண்டுவந்து சதுப்பு நிலத்தோரம் கொட்டினார்கள். பரீட்சை நேரத்திலும் வீட்டை இடித்தார்கள். விடியற்காலை 5 மணிக்கு அம்மா வேலைக்குப் பேருந்து ஏறிவிட்டால் தம்பி தங்கச்சியைக் கிளப்புவது பெரிய புள்ளதான். ராத்திரி தூக்கமில்லை, காலையில் சாப்பாடில்லை, ரத்தசோகை, கண்ணெதிரே பொக்லைன் ஓடின நினைப்பு. இப்படிப்பட்ட புள்ள வகுப்பில் எப்படிக் கவனிப்பான்? இவையெல்லாம் அச்சு அசலாகக் கவனக்குறைபாடு போலவே தெரியும். அதனால்தான் மருத்துவக் கையேடே நிபந்தனை போடுகிறது: அறிகுறிகள் 12 வயசுக்கு முன்னே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாசத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், பள்ளி, வீடு என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை 1982 சத்துணவும் 2022 காலை உணவும் அரசையே ஒத்துக்கொள்ள வைத்தன. பசிக்கு மருந்து சோறு. இடிக்கப்பட்ட வீட்டுக்கு மருந்து வீடு. மாத்திரை கொடுத்து அதை மூடி மறைக்க விடக்கூடாது.

பெண்பிள்ளைகளை இரண்டு தரப்புமே மறந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் ஓடுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு கொடுக்காததால் யார் கண்ணிலும் படுவதில்லை. "மக்கு, வீட்டு வேலை கத்துக்கட்டும்" என்று எட்டாம் வகுப்போடு கதை முடிந்துவிடுகிறது.

இனி 'வரம்' என்கிற பேச்சுக்கு வருகிறேன். 1993இல் தாம் ஹார்ட்மன் என்ற அமெரிக்கர் ஒரு கருத்தை முன்வைத்தார். இவர்கள் உழவர்களின் உலகத்தில் மாட்டிக்கொண்ட வேட்டைக்காரர்கள் என்றார். 2008இல் கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று இதற்குக் கொஞ்சம் சாட்சி சொன்னது. இந்தத் துறுதுறுப்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் மரபணு வகை, மேய்ச்சலுக்கு அலைகிறவர்களிடம் நல்ல உடம்போடும், ஓரிடத்தில் குடியமர்ந்தவர்களிடம் இளைத்த உடம்போடும் சேர்ந்திருந்தது. ஒரே உடல்தான். வாழவிட்ட இடத்தில் தேறியது, கட்டிப்போட்ட இடத்தில் வாடியது.

சரி, வேட்டைக்காரன் மூளையைப் புகழ்கிறவர்கள் கொஞ்சம் வடநெம்மேலிக்கு வரட்டும். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் அங்கே இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பைப் பறிகொடுத்த மக்கள், பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறார்கள். 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுக்குக் கவனக்குறைபாடு என்று நான் சொல்லவில்லை. புல்லின் அசைவில் பாம்பைப் படிக்கிற கவனம் நம் வகுப்பறைக்குக் கவனமாகவே தெரிவதில்லை என்று சொல்கிறேன். இருளர் புள்ள ஒண்ணு பள்ளிக்கூடத்துல குந்த முடியாம வெளியே ஓடினா, அதை 'வேட்டைக்காரன் மூளை' என்று எந்த ஆசிரியராவது கொண்டாடியிருக்கிறாரா?

வரத்துக்கு முதல் போட வேண்டியிருக்கிறது. மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஆள், தவறினால் இன்னொரு வாய்ப்பு, கோபத்தைப் பொறுக்கிற பள்ளி, வேலை போனாலும் சாப்பாடு போடுகிற குடும்பம். இவை இருந்தால் துறுதுறுப்பு வரமாகக்கூடும். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் தனக்கு இந்தக் கோளாறு உண்டு, சிறுவயசிலிருந்து மருந்து எடுக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று 2016இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'வரம்' என்று பேசுகிறவர்கள் மருந்தையும் பயிற்சிக்கூடத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

"ஏற்கெனவே ஆயிரம் முத்திரை குத்தியாச்சு, நாமே இன்னொன்றைக் குத்திக்கொள்ள வேண்டுமா?" என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சாதிச் சான்றிதழை நாம் என்ன செய்கிறோம்? அது இழிவின் பட்டயம் என்று கிழித்துப் போடவில்லை. நமக்கு மறுக்கப்பட்டதைக் கேட்டு வாங்குகிற கருவியாக மாற்றினோம். மருத்துவச் சான்றையும் அப்படித்தான் கையாள வேண்டும். ஒரு நிபந்தனையோடு: அந்தத் தாள் புள்ளையினுடையது, பெற்றோருடையது. வகுப்பில் உரக்கப் படிப்பதற்கோ, தனி பெஞ்சில் ஒதுக்கி உட்காரவைப்பதற்கோ அல்ல. சாத்தாராவில் பள்ளிச் சிறுவன் அம்பேத்கர் தனிக் கோணியில் உட்காரவைக்கப்பட்டார். அந்தக் கோணியைத் தொடக்கூட ஆளில்லாமல் தினமும் வீட்டுக்குச் சுமந்தார். புதுப் பெயரில் அந்தக் கோணி திரும்பி வரக் கூடாது.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும் தெரிய வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு. கவனக்குறைபாடு தனி வகையாக இல்லை. ஆனால் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதித்துக் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் இது இருக்கிறது. காகிதத்தில் இருப்பதை எத்தனை பள்ளியில் செய்தார்கள்? முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்திலிருந்து புள்ளையை அங்கே கூட்டிப் போய்வர ஒரு நாள் கூலி போகும். மெத்தில்பெனிடேட் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லா மருந்துக் கடையும் வைப்பதில்லை. இத்தனை வேலியையும் தாண்டினால்தான் நம் புள்ளைக்கு வைத்தியம்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். மாநகராட்சியான தாம்பரத்திலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் அரசு மருத்துவமனையிலேயே குழந்தை மனநல மருத்துவர் வாரம் ஒருநாளாவது இருக்க வேண்டும். மருந்து இலவசமாக அங்கேயே கிடைக்க வேண்டும். கவனக்குறைபாட்டை 2016 சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். இந்தக் காரணத்துக்காக எந்தப் புள்ளைக்கும் டி.சி. கொடுக்கக் கூடாது.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் மாலை வகுப்புகளில் இன்றைக்கே தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க விடுங்கள். கரும்பலகை துடைக்க, தண்ணி கொண்டுவர, நோட்டு கொடுக்க அவனையே கூப்பிடுங்கள். செய்ததை உடனே பாராட்டுங்கள். பிரம்பை வெளியே போடுங்கள், நம் கையிலிருக்கும் பிரம்பையும் சேர்த்து.

வரமா, சுமையா என்று அப்புறம் சாவகாசமா பேசிக்கலாம் தோழர்களே. முதல்ல அந்தப் புள்ளைக்கு முன்பெஞ்சுல ஒரு இடம் வேணும்.